லேப்டாப்பில் ஓடிய சர்வர் கல்லாப்பெட்டி பிசியில் ஏன் தடுமாறுகிறது?

மதுரையில் கடைகளுக்குப் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக்கொடுக்கும் பையன்கள் பலர் உபுண்டு லினக்ஸில்தான் எழுதுகிறார்கள். அது ஓடப்போவதோ மாசி வீதி ஜவுளிக்கடையிலோ மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலோ கல்லாவுக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும் விண்டோஸ் பிசியில். எல்லாக் கவுண்டரிலும் ஓடும் கிளையண்ட் புரோகிராம்கள் நெட்வொர்க் வழியே வந்து இணையும் சர்வர் அது.

புரோகிராம்கள் நெட்வொர்க்கில் பேசிக்கொள்ள உதவும் சாக்கெட் ஃபங்ஷன்கள் 1983இல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோடு வந்தவை. விண்டோஸின் சாக்கெட் லைப்ரரியான வின்சாக் பெரும்பாலும் அதே பெயர்களை எடுத்துக்கொண்டது. பெயர் ஒன்று என்பதால் வேலையும் ஒன்று என நம்பிவிடுகிறோம். விண்டோஸில் வின்சாக்கைத் தயார்செய்யும் டபிள்யூஎஸ்ஏ ஸ்டார்ட்டப்பைத் தொடக்கத்தில் போடாமல் விட்டால் முதல் ஓட்டத்திலேயே தெரிந்துவிடும், அதனால் பாதகமில்லை. எர்ரர் எதுவும் காட்டாமல் வேறு மாதிரி நடப்பவைதான் ஆளைக் கவிழ்க்கும்.

பயன்படுத்திய முகவரியையே மறுபடி எடுக்க விடும் ரீயூஸ்அட்ரஸ் ஆப்ஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் சர்வரை நிறுத்தி உடனே தொடங்கினால், பழைய இணைப்புகள் டைம்வெயிட்டில் (மூடிய பிறகும் சிறிது நேரம் காத்திருக்கும் நிலை) இருப்பதால், போர்ட்டை, அதாவது சர்வரின் கதவு எண்ணைப் பிடிக்கும் பைண்ட் மறுக்கும். அதற்காகவே எல்லோரும் இதைப் போடுகிறோம். ஒரு சர்வர் ஏற்கெனவே அந்தப் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருந்தால், ஆப்ஷன் இருந்தாலும் லினக்ஸ் இரண்டாவதை விடாது. விண்டோஸில் அதே ஆப்ஷன் இரண்டாவது புரோகிராமையும் அதே போர்ட்டில் உட்கார வைத்துவிடும். கடைப்பையன் ஐகானை இரண்டு முறை கிளிக் செய்தால் போதும், இரண்டு சர்வர்கள்! எந்த பில் எதற்குப் போகும் என்று சொல்ல முடியாது. விண்டோஸில் போர்ட்டை ஒருவருக்கே ஒதுக்கும் எக்ஸ்க்ளூசிவ்அட்ரஸ்யூஸ்தான் போட வேண்டும்.

எதிர்த்திசையில் வருபவர்களுக்கு வேறு கண்ணி. விண்டோஸில் எழுதிய சி புரோகிராமை லினக்ஸ் கிளவுடுக்கு மாற்றுகிறீர்கள். ஒரு கிளையண்ட் மூடிப்போன இணைப்பில் சர்வர் எழுதப் பார்த்தால் மறுமுனை இல்லை என்று ஓஎஸ் சொல்லும் சிக்பைப் சிக்னல் வந்து மொத்த புரோசஸையே கொன்றுவிடும். ஒரு கவுண்டர் போனதற்கு எல்லாக் கவுண்டரும் அவுட். லினக்ஸில் டேட்டா அனுப்பும் செண்டுக்கு, சிக்னல் வேண்டாம் என்னும் நோசிக்னல் ஃப்ளாக் கொடுக்கலாம். மேக்கில் அதற்கு நோசிக்பைப் என்ற சாக்கெட் ஆப்ஷன். பைதான்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, அது சிக்னலைத் தானே ஒதுக்கிவிடுகிறது.

நம் ஊரில் அதிகம் கேட்கும் புகார் இது: "தம்பி, மூணாவது கவுண்டர உள்ள விடமாட்டேங்குது, ஏற்கெனவே லாகின்ல இருக்காம்." கரண்ட் போயிருக்கும். சர்வர் பிசிக்கு யுபிஎஸ் உண்டு, கவுண்டருக்கு இல்லை. கிளையண்ட் புரோகிராமை மூடினால் ஓஎஸ் அந்தப் பக்கமிருந்து தகவல் அனுப்பிவிடும், சர்வரில் டேட்டா வாங்கும் ரிசீவ் பூஜ்யம் திருப்பும், இணைப்பு முடிந்தது என்று பொருள். பிளக் பிடுங்கப்பட்ட மிஷின் எதையும் அனுப்பாது. சர்வர் அதை உயிரோடு இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று ஓஎஸ்ஸே சோதிக்கும் கீப்அலைவ் இருக்கிறதே என்பீர்கள். நீங்கள் ஆன் செய்தால்தான் அது வேலை செய்யும். செய்தாலும் லினக்ஸிலும் விண்டோஸிலும் முதல் சோதனைக்கே வழக்கமாக 2 மணி நேரம். அதற்குள் முகூர்த்த நாள் வியாபாரமே முடிந்துவிடும். முப்பது நொடிக்கு ஒரு பிங்கை ("இருக்கிறாயா" என்ற சின்ன மெசேஜ்) சர்வரும் கிளையண்டும் பேசும் உங்கள் புரோட்டோகாலிலேயே வையுங்கள், இரண்டு தவறினால் இணைப்பை மூடுங்கள். எந்த ஓஎஸ்ஸிலும் ஒரே மாதிரி நடக்கும்.

ஏராளமான இணைப்புகளைக் கவனிக்க ஒவ்வொரு ஓஎஸ்ஸும் தரும் ஈபோல் (லினக்ஸ்), கேக்யூ (மேக்), ஐஓசிபி (விண்டோஸ்) என்று பத்து கவுண்டர் கடைக்கு மண்டையை உடைப்பது வீண் வேலை. கிளையண்டுக்கு ஒரு த்ரெட் (சர்வருக்குள் தனியாக ஓடும் வேலை இழை) தாராளம். பல சாக்கெட்டுகளை ஒன்றாகக் கவனிக்கும் செலக்ட் பயன்படுத்தினால் மட்டும் கவனம்: விண்டோஸில் இயல்பாக 64 சாக்கெட், லினக்ஸில் எண்ணிக்கை பிரச்சினையில்லை, 1024க்குக் கீழுள்ள டிஸ்கிரிப்டர் எண்தான் (ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் ஓஎஸ் தரும் எண்) செல்லும். இணைப்பு ஆயிரக்கணக்கில் வரும் என்றால் லிப்யுவி போன்ற ஒரு லைப்ரரியிடம் விட்டுவிடுங்கள்.

டெலிவரிக்கு முன் கடை பிசியிலேயே சோதியுங்கள். பாதி பில்லில் கவுண்டரின் சுவிட்சை அணைத்து, திரும்பப் போட்டு, உடனே லாகின் ஆகிறதா என்று பாருங்கள்.