ஃபெலோப்பியன் குழாயா, கருக்குழாயா?

“ஃபெலோப்பியன் குழாயில் அடைப்பு” என்று மருத்துவக் கட்டுரைகளில் படிக்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. பெண்ணின் சினைப்பையிலிருந்து கருப்பைக்கு முட்டையைக் கொண்டுசெல்லும் குழாய்க்குத்தான் இந்தப் பெயர். சிலருக்குப் பெலோப்பியன், சிலருக்குப் பலோப்பியன். எப்படி எழுதினாலும் யாரோ ஓர் ஆளைக் கூப்பிடுவது போலத்தான் இருக்கிறது.

ஆள்தான். ஃபலோப்பியோ என்ற இத்தாலிய உடற்கூறு அறிஞர் 1561இல் வெளியான நூலில் இந்த உறுப்பை விவரித்தார். விரிந்த முனையைப் பார்த்து ‘டூபா’ என்றார். லத்தீனில் அது எக்காளம். ஆங்கிலத்தில் அது வெறும் குழாயாகி, முன்னால் அவர் பெயரும் ஒட்டிக்கொண்டது. நாம் ‘இயன்’ என்ற ஆங்கில விகுதியையும் சேர்த்தே இறக்குமதி செய்தோம். 1955இல் பாரிசில் ஏற்கப்பட்ட உடற்கூற்றுப் பெயர்ப் பட்டியலோ ஆட்பெயர்களையே விலக்கிவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘அண்டநாளம்’ என்கிறார்கள் சிலர். அண்டம் வடசொல் என்பதல்ல என் சண்டை. அண்டவாதம் என்றால் சித்த மருத்துவத்தில் ஆண்களின் விதைப்பை வீக்கம். அதே சொல்லைப் பெண்ணின் உறுப்புக்கு வைத்தால் நோயாளிக்கு என்ன புரியும்? நாளம் என்றதும் இரத்த நாளம்தான் நினைவுக்கு வரும். குழாய் என்ற எளிய சொல் என்ன பாவம் செய்தது?

‘கருக்குழாய்’ போதும். இதற்கும் ஓர் எதிர்ப்பு உண்டு: கரு தங்க வேண்டிய இடம் கருப்பை, குழாயில் தங்கினால் ஆபத்து, அப்புறம் ஏன் அந்தப் பெயர் என்று. தங்குவதுதான் ஆபத்து, உருவாவது அங்கேதான். சினைமுட்டையும் விந்தணுவும் சேர்வது பெரும்பாலும் குழாயின் அகன்ற நடுப்பகுதியில். அப்படி உண்டான கரு சில நாள் நகர்ந்துதான் கருப்பையை அடைகிறது. ‘சினைக்குழாய்’ என்பதும் தவறில்லை, ஆனால் அது முட்டையோடு நின்றுவிடுகிறது. கருக்குழாய் அடைப்பு என்றால் ஏன் கரு உண்டாகவில்லை என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும்.

பார்க்கின்சன் நோய்க்கு ஆட்பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். நோயின் காரணம் தெரியாத காலத்தில் வைத்த பெயர் அது. கண்ணால் பார்க்கக்கூடிய உறுப்புக்கு அந்தச் சாக்கு கிடையாது. மொழிபெயர்ப்பாளர்கள் சிலர் ஒரே கட்டுரையில் மேலே ஃபெலோப்பியன், நடுவில் அண்டநாளம், கீழே கருக்குழாய் என்று எழுதுகிறார்கள். படிப்பவர் மூன்று உறுப்பு என்று நினைக்க மாட்டாரா? குதிகாலுக்கு மேலிருக்கும் நாணுக்குக் கிரேக்க வீரன் பெயரை வைத்து ‘அகில்லஸ் தசைநாண்’ என்று எழுதுபவர்களும் இதே கூட்டம்தான். குதிகால் என்று ஒரு சொல் இருப்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது.