சொல் விளக்கம்: த பக் ஸ்டாப்ஸ் ஹியர்

குமுளி, வண்டிப்பெரியாறு பக்கம் இங்கிலீஷ் படிக்கும் நம் பிள்ளைகள், 'த பக் ஸ்டாப்ஸ் ஹியர்' என்ற ஆங்கிலத் தொடரில் 'பக்' என்றதும் டாலர் என்று எழுதிவிடுகிறார்கள். 'பணம் இங்கே நின்றுவிடும்' என்றால், மேலதிகாரி காசை அமுக்கிவிட்டார் என்றல்லவா ஆகும்? இது வேறு பக்.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் போக்கர் என்ற சீட்டாட்டம் ஆடும்போது, அடுத்து சீட்டைப் பங்கிட்டுப் போட வேண்டியவர் முன்னால் ஓர் அடையாளப் பொருளை வைப்பார்கள். மான்கொம்புப் பிடி போட்ட கத்தி அதற்குப் பயன்பட்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஆண் மானுக்கு ஆங்கிலத்தில் பக். சீட்டுப் போட விருப்பமில்லாதவர் அதைப் பக்கத்து ஆளிடம் நகர்த்திவிடலாம். அதுதான் 'பாஸ் த பக்'. ஆட்டத்தில் அது விதி. ஆபீஸுக்கு வந்ததும் வசவாகிவிட்டது.

தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கொழுந்து எடையில் குறைத்துவிட்டார்கள் என்று கங்காணியிடம் போனால் 'சூப்பர்வைசரைக் கேளுக்கா' என்பார். சூப்பர்வைசர் 'எனக்கென்ன தெரியும், ஆபீஸ்ல கேளு' என்பார். ஆபீஸில் 'துரை வரட்டும்' என்பார்கள். துரை வரும்போது சம்பள நாளே தாண்டியிருக்கும். இதற்கு நம் ஊர்ச் சொல் 'கை காட்டிவிடுவது'. அகராதிகள் சொல்லும் 'பொறுப்பைத் தட்டிக்கழித்தல்' சரிதான், ஆனால் அதில் பாதிதான் இருக்கிறது. தட்டிக்கழிக்க ஓர் ஆள் போதும். கை காட்ட இன்னோர் ஆள் வேண்டும். பக் நகர்வதற்கும் அப்படித்தான்.

அப்புறம், அது 'இங்கே நிற்கிறது' என்ற பகுதி. அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமனின் மேசையில் இந்த வாசகம் எழுதிய சிறு பலகை இருந்தது. ஓக்லஹோமா மாநிலத்தின் எல் ரீனோ சீர்திருத்தச் சிறையில் செய்யப்பட்டு 1945 அக்டோபரில் அவருக்கு வந்தது. மறுபுறம், அவருடைய சொந்த மாநிலத்தைச் சொல்லி, 'நான் மிசௌரிக்காரன்' என்று இருக்கும். 1953 ஜனவரியில் விடைபெறும் உரையிலும், அதிபராக இருப்பவர் முடிவெடுத்தே ஆகவேண்டும், பக்கை வேறு யாரிடமும் தள்ள முடியாது என்றார்.

தமிழில் 'இறுதி அதிகாரம் என்னுடையது' என்று சிலர் பெயர்க்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை, அதில் மிடுக்கு இருக்கிறது, பழி இல்லை. 'நான் வைத்ததே சட்டம்' என்பது இன்னும் மோசம். முடிவெடுக்கும் அதிகாரத்தைச் சொல்லும் 'கால் த ஷாட்ஸ்' என்ற தொடருக்கு வேண்டுமானால் அது பொருந்தும். இங்கே 'இதற்கு நானே பொறுப்பு' என்றால் போதும். பேச்சில் 'எதுவானாலும் என் தலையில் வரட்டும்'.

செய்தித்தாள் நடையில் இதற்கு 'தார்மீகப் பொறுப்பேற்று' என்று வரும். 1956 நவம்பரில் அரியலூர் ரயில் விபத்துக்குப் பின் ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியது அந்த வகை. தண்டவாளத்தை அவரா பார்த்துக்கொண்டிருந்தார்?

இன்னும் பழைய சான்று வேண்டுமென்றால் குமுளிக்கு மேலே மங்கலதேவி மலைக்குச் சித்ரா பௌர்ணமியன்று ஜீப்பில் ஏறுபவர்களைக் கேளுங்கள். கண்ணகி கதை தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் இருக்கமாட்டார். சிலப்பதிகாரப் பாண்டியனுக்குப் பழிபோட ஆள் தயாராக இருந்தான், பொற்கொல்லன். அவன் பேச்சைக் கேட்டதாகப் பாண்டியன் சொல்கிறானே தவிர, அவனைக் கை காட்டவில்லை. 'யானோ அரசன் யானே கள்வன்' என்கிறான். தென்புலங் காவல் 'என்முதற் பிழைத்தது', அதாவது என்னால்தான் தவறியது, என்கிறான்.

பயன்படுத்தும்போது ஒன்று கவனியுங்கள். இதைப் பொறுப்பில் இருப்பவர் தன்னைப் பற்றிச் சொல்லலாம். 'பக் மேனேஜரிடம்தான் நிற்கிறது' என்று பிறரும் அவரைப் பற்றிச் சொல்லலாம். ஆனால் கீழே வேலை செய்பவரைக் காட்டி, 'பக் அவரிடம் நிற்கிறது' என்று மேனேஜர் சொன்னால், அதற்குப் பெயர் பாஸ் த பக்.