தாத்தா கார் பக்கத்தில் நிற்கும் படமா? தயவுசெய்து ‘தெளிவாக்கி’ அனுப்பாதீர்கள்

இந்த வாரமும் ஒன்று வந்தது. குடும்ப மலருக்கான படம். வேட்டி சட்டையில் தாத்தா, பக்கத்தில் கார், கீழே “1947, எங்கள் அம்பாசடர்” என்று அச்சுக்கே தயாராக வைத்திருந்தார்கள். 1957-க்கு முன்னால் அம்பாசடர் என்று ஒரு வண்டியே கிடையாது. அதைக்கூடத் திருத்திவிடலாம். ஆனால் படத்தை ஏதோ செயலியில் போட்டுத் ‘தெளிவாக்கி’ அனுப்பியிருந்தார்கள், அதில் இருந்த முன்கிரில் (காரின் மூக்கில் இருக்கும் கம்பித் தடுப்பு) எந்தக் கம்பெனியும் செய்யாத கிரில். செயலியே வரைந்துவிட்டது! ஒரிஜினலை வரவழைத்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் நெருக்கமான சின்னச் சின்னக் கட்டங்கள். அம்பாசடரின் இரண்டாவது மாடலான மார்க் டூ. 1963-ஐ ஒட்டி வந்தது.

பழைய படங்களை ஸ்கேன் செய்து சீராக்குவது என் தொழில். செயலி கண்டுபிடித்துத் தருவதில்லை, இல்லாததை ஊகித்து நிரப்புகிறது. நமக்குத் துப்பு தரும் கிரில், சின்னம், நம்பர் பிளேட் மூன்றும்தான் முதலில் அழிகின்றன. கலர் ஏற்றுவதும் அப்படித்தான்.

இன்னொன்று, எத்தனை முறை சொன்னாலும் ஏறாதது: காரின் வருஷம் படத்தின் வருஷம் இல்லை. இல்லவே இல்லை. வண்டி வெளிவந்த ஆண்டு தெரிந்தால் ‘இதற்கு முன்னால் எடுத்திருக்க முடியாது’ என்று மட்டும் சொல்லலாம், அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1950-களின் நடுவில் இங்கே கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டன, புது வண்டிக்கோ வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதனால் இருந்த செவர்லேயையும் ஃபோர்டையும் என்ஜின் மாற்றி, தகரம் ஒட்டி, பெயின்ட் அடித்துப் பல வருஷம் ஓட்டினார்கள். 1938 செவர்லே பக்கத்தில் நிற்கும் மாப்பிள்ளைக்கு 1965-ல் கல்யாணம் ஆகியிருக்கலாம். இன்னும் ஒன்று, வருத்தப்படாதீர்கள், அந்தக் கார் உங்கள் வீட்டுக் காராக இல்லாமலும் இருக்கலாம். கல்யாணத்துக்கு வாடகைக்கு வந்ததாக இருக்கும், பண்ணையாரிடம் இரவல் வாங்கியதாக இருக்கும்.

சரி, எதைப் பார்ப்பது? கதவைப் பாருங்கள். பழைய ஃபியட் 1100-ல் முன்கதவின் கீல் இரண்டு கதவுகளுக்கும் நடுவிலுள்ள தூணில் இருக்கும், கைப்பிடி முன்பக்கம். 1964-ல் வந்த ஃபியட் 1100 டிலைட் மாடலில் அது நாம் இன்று பார்க்கிற மாதிரி மாறிவிட்டது. அதே உடம்புதான் பின்னால் பிரீமியர் பத்மினி கார் ஆனது. வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்னால் கவிழும். நாலு கதவு ஹெரால்ட் என்றால் அது 1960-களின் கடைசியில் இந்தியாவுக்காகவே வந்தது, சீமையில் கிடையாது.

லாரிப் படங்கள் பெரும்பாலும் ஆயுதபூஜை அன்று எடுத்தவை. வாழைக்கன்றும் மாலையும் போட்டுச் சின்னத்தையே மறைத்திருப்பார்கள், அதனால் அதே நாளில் எடுத்த வேறு படம் இருக்கிறதா என்று தேடுங்கள். லாரியின் பின்பாடியை வைத்து முடிவு கட்டாதீர்கள், அது உள்ளூர்ப் பட்டறையில் கட்டியது. மூக்கைப் பாருங்கள். டாடா லாரியில் பென்ஸின் மூன்று முனை நட்சத்திரம் இருந்தால், அந்த லாரி 1954-க்கும் 1969-க்கும் இடைப்பட்ட கூட்டு ஒப்பந்தக் காலத்தது.

நம்பர் பிளேட் வண்டி முதலில் எங்கே பதிவானது என்பதைச் சொல்லும். மெட்ராஸ் மாநில வண்டி எம்-மில் தொடங்கும், தமிழ்நாடு ஆனபிறகு டி வரிசை வந்தது, ‘டிஎன் 01’ மாதிரியான எண்கள் 1989-க்குப் பிறகுதான். இலங்கைப் படத்தில் ஸ்ரீ எழுத்து இருந்தால் 1957-க்கு முந்தைய படம் இல்லை.

ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கிறதா? சட்டைப் பாக்கெட் எந்தப் பக்கம் என்று பாருங்கள். போட்டிருப்பவரின் வலது மார்பில் என்றால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள். பாக்கெட் சரியாக இருந்தால் எந்த ஊர்ப் படம் என்று விசாரியுங்கள். பர்மாவிலும் மலேயாவிலும் அப்போது நம்மைப்போல சாலையின் இடப்பக்கம் ஓட்டினார்கள், சைகோனில் சாலையின் வலப்பக்கம், அதனால் அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும்.

ஆல்பத்தின் கறுப்புத் தாளிலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள். ஈரத்துணி கூடாது. லேமினேஷன் கூடவே கூடாது. பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கம் மேடு தட்டும், மெல்லிய பென்சில் போதும். 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து, ஸ்டூடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். ஓரத்தை வெட்டாதீர்கள்! ஆள் முகத்துக்காக நீங்கள் வெட்டி எறியும் அந்த அரை அங்குலத்தில்தான் ஹெட்லைட்டும் பம்பரும் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

அப்புறம், வீட்டில் அத்தையோ பெரியப்பாவோ இருந்தால் இப்போதே உட்கார்ந்து கேளுங்கள். “என்ன மாடல்?” என்று கேட்டால் “பிளசர் காரு” என்பார்கள். கியர் ஸ்டியரிங்கிலா தரையிலா, முன்கதவு எந்தப் பக்கமாகத் திறக்கும், யார் ஓட்டினார்கள், யாருடைய வண்டி என்று கேளுங்கள். பழைய ஆர்சி புத்தகம் பீரோவில் கிடந்தால் அதையும் படத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்துவிடுங்கள்.