கல்லி: சந்தா, தெருவா?

கிரிக்கெட்டையும் ஒரு குடியிருப்பின் அன்றாடத்தையும் சேர்த்துச் சொல்லும் இந்திப் படங்களைப் பார்த்தால், ஒரு சொல் திரும்பத் திரும்பக் காதில் விழும்: கலீ. மும்பைக்காரர் வாயில் அதுவே கல்லி. தமிழ் வசனவரி எழுதுபவர்கள் பெரும்பாலும் 'சந்து' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அகராதிப்படி தப்பில்லை. ஆனால் எதிர் அணிக்காரனை முறைத்தபடி ஒரு பையன் "யே ஹமாரி கலீ ஹை" என்று மார்தட்டும்போது, கீழே "இது எங்க சந்து" என்று ஓடினால் சப்பென்றுதான் இருக்கிறது.

இரண்டு பக்கமும் வீடுகள் நெருக்கி நிற்க, நடுவில் போகும் குறுகிய வழிதான் கலீ. மராத்தியில் லகரம் இரட்டித்துக் கல்லி ஆகிறது. கன்னடத்திலும் தெலுங்கிலும் அதே இரட்டிப்பு. தெலங்கானா அரசியல் பேச்சில் 'கல்லி'யும் 'டில்லி'யும் எதுகையாகவே வந்து விழும். தமிழில் எழுதுவதற்கும் 'கல்லி'தான் வசதி. 'கலி' என்று எழுதினால் கலியுகம் வந்து நிற்கும். முதல் எழுத்தை நீட்டிக் 'காலீ' என்று சொல்லிவிட்டால் இன்னும் வம்பு, இந்தியில் அதற்கு வசவு என்று பொருள்.

வேரைத் தேடினால் தொண்டைக்குள் போகிறது வழி. வடமொழியில் 'கல' என்றால் கழுத்து, தொண்டை. கலீயை அதோடு சேர்த்துச் சொல்வது அகராதி மரபு. குறுகலாகப் போய் அந்தப் பக்கம் திறக்கும் வழிக்குத் தொண்டையை உவமை சொன்னது பொருத்தம்தான். அதே 'கல' தமிழில் 'களம்' என்று வந்து, பழைய நூல்களில் மிடற்றைக் குறித்திருக்கிறது. போர்க்களம், ஆடுகளம் என்று நாம் சொல்லும் களம் வேறு சொல், அதற்கு வெட்டவெளி என்று பொருள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கிரிக்கெட் வர்ணனையில் "கல்லியில் நிற்கிறார்" என்று கேட்கிறோமே, அந்தக் கல்லி இந்தியிலிருந்து வந்ததில்லை. அது ஆங்கிலச் சொல், நீர் அரித்த ஓடைப் பள்ளம் என்று பொருள். ஸ்லிப், பாயிண்ட் என்று ஆள் நிறுத்தும் இரண்டு இடங்களுக்கும் நடுவே விழும் இடைவெளி என்பதால் அந்தப் பெயர். அந்த இடத்தில் ஆளை நிறுத்தும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் என்று, 1907-08 ஆஸ்திரேலியப் பயணத்தில் இங்கிலாந்து அணிக்குத் தலைவராக இருந்த ஆர்தர் ஜோன்ஸைச் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலக் கல்லியின் வம்சத்தைப் பின்னால் போய்ப் பார்த்தால் அங்கேயும் தொண்டையைக் குறிக்கும் லத்தீன் சொல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. தமிழிலும் 'கல்லி எடுத்தான்' என்றால் தோண்டி எடுத்தான் என்று பொருள். இது வெறும் ஒலி ஒற்றுமை. இதை வைத்து 'உலக மொழிகளுக்கெல்லாம் தமிழே தாய்' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

கில்லியும் வேறு. லகான் படத்தில் வெள்ளைக்காரன் ஆடும் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, இது நம்ம 'கில்லி டண்டா'தானே என்று நாயகன் சொல்வான். கில்லி என்பது அந்தச் சின்னக் கட்டை. நம்மூரில் அந்த ஆட்டம் கிட்டிப்புள். 'டண்டா' புரியாமல் போனதால் 'கில்லி தாண்டல்' என்று ஆக்கிக்கொண்டவர்களும் உண்டு.

சரி, கலீக்கு வருவோம். இந்தியில் அதன் எடை அகலத்தில் இல்லை, உரிமையில் இருக்கிறது. "தன் கலீயில் நாயும் சிங்கம்" என்பது அங்கே பழமொழி. நம்மிடம் இருப்பது "தன் ஊருக்கு யானை, அயலூருக்குப் பூனை". நாய்க்குப் பதில் யானை வந்தாலும் சங்கதி ஒன்றுதான். கலீயை அடுத்து வரும் பெரிய வட்டம் 'மொஹல்லா'. அரபு வழியாக வந்த சொல், பல கலீகள் சேர்ந்த குடியிருப்பைக் குறிக்கும். தமிழ் முஸ்லிம்கள் 'மஹல்லா ஜமாஅத்' என்று சொல்வது இதே சொல்தான். சென்னையில் இதற்கு நேராகப் 'பேட்டை' இருக்கிறது, பேச்சில் 'ஏரியா' இருக்கிறது.

கலீயின் குறுகல் ஆட்டத்தையே வடிவமைக்கிறது. டெஸ்ட் கிரிக்கெட்டில் 10,000 ஓட்டங்களை முதன்முதலில் கடந்த சுனில் கவாஸ்கர், மும்பை தார்தேவ் பக்கம் சிக்கல்வாடியில் வளர்ந்தவர். அப்படிப்பட்ட இடங்களில் பக்கவாட்டில் ஓங்கி அடித்தால் ஜன்னல், மாடிக்குப் போனால் அவுட். நேராகத் தரையோடு தள்ளுவதுதான் பிழைக்கும் வழி. பந்து டென்னிஸ் பந்து, ஸ்டம்ப் சுவரில் கிழித்த கரிக்கோடு. மூன்றாம் மாடி ஆச்சி பந்தைத் திருப்பித் தர மறுத்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? இடத்தை மட்டும் சொல்ல வேண்டுமானால் சொற்களுக்குப் பஞ்சமில்லை. சந்து இருக்கிறது, தென்மாவட்டங்களில் முடுக்கு, யாழ்ப்பாணத்தில் ஒழுங்கை. 'சந்து' என்பதையும் 'சந்தி' என்ற வடசொல்லோடு சேர்த்துப் பேசுவதுண்டு, ஆகவே தனித்தமிழ்தான் வேண்டும் என்பவர்கள் முடுக்கை எடுத்துக்கொள்ளலாம். சங்கப் பாடல்களின் 'மறுகு' அழகான சொல். ஆனால் அதைப் பத்து வயதுப் பையன் வாயில் வைத்தால் எடுபடாது.

என் கணக்கில் சந்தின் குறை வேறு. தமிழில் அது கொஞ்சம் ஒதுங்கிய சொல். சந்தில் ஒளிவார்கள், சந்தில் மடக்குவார்கள், 'சந்துல சிந்து பாடுறான்' என்று சந்தர்ப்பம் பார்த்துக் காரியம் சாதிப்பவனைச் சொல்வார்கள். பெருமையோடு சொல்ல நமக்கு இருப்பது தெரு. "நம்ம தெருப் பையன்", "எங்க தெருவுல வந்து கேட்டுப் பாரு". ஆறடி அகலமே இருந்தாலும் அங்கே குடியிருப்பவனுக்கு அது தெருதான். ஆக, வழியைக் குறிக்கும்போது சந்து, சொந்தம் கொண்டாடும்போது தெரு. கல்லி கிரிக்கெட்டுக்குத் தெருக் கிரிக்கெட் என்பது ஏற்கெனவே மக்கள் வைத்துவிட்ட பெயர், 'சந்து மட்டைப்பந்து' என்று புதிதாகத் தைக்கத் தேவையில்லை. களத்தில் நிற்கும் கல்லியை மட்டும் அப்படியே விட்டுவிடலாம், ஸ்லிப்பையும் பாயிண்டையும் அப்படித்தானே விட்டிருக்கிறோம்.

மொழிபெயர்ப்பாளர் உண்மையில் தடுமாறுவது கலீயில் இல்லை, கலீக்குள் புழங்கும் சொற்களில். 'கச்சா நிம்பு' என்று ஒன்று வரும். அப்படியே பெயர்த்தால் பச்சை எலுமிச்சை. பெரிய பையன்களோடு ஆட அடம்பிடிக்கும் பொடியனைச் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் அவன் அவுட்டானாலும் கணக்கில்லை, அவன்தான் கச்சா நிம்பு. மராத்தியில் கச்சா லிம்பு. வசனவரியில் ஒருமுறை 'காய் எலுமிச்சை' என்றே படித்து, பழக்கடைக் காட்சியோ என்று திகைத்தேன். நம்மூர்த் தெருவில் அந்தப் பொடியனுக்குக் காலங்காலமாக ஒரு பெயர் இருக்கிறது: ஒப்புக்குச் சப்பாணி.