நீல நாக்கும் வரையாட்டுக் கொம்பும்

“அக்கா, என் பையன் பச்சையா கக்கா போறான். நேத்து நீங்க குடுத்த கப்கேக்தான் சாப்பிட்டான்.”

காலை ஆறே முக்காலுக்கு இப்படி ஒரு போன் வந்தால் குன்னூர் குளிரிலும் வியர்க்கும். முந்தைய நாள் ஒரு பள்ளியின் விளையாட்டு விழாவுக்கு நாற்பது கப்கேக் செய்து கொடுத்திருந்தேன். நாலு ஹவுஸ், நாலு நிறம். நீல ஹவுஸுக்கு அவர்கள் அனுப்பிய படத்தில் இருந்தது வான நீலம் இல்லை, இங்க் பாட்டில் நீலம். பட்டர்கிரீம் இயல்பிலேயே மஞ்சள் பாய்ந்தது. அதில் நீலம் விட்டால் முதலில் பச்சைக்குத்தான் போகும். நேவி புளூ வரும்வரை ஜெல் கலரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருந்தேன். ருசி பார்த்தபோது லேசாகக் கசந்தது. தெரிந்தும் அனுப்பினேன்.

பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நீலம் உடம்பில் பெரிதாகச் சேராது, அப்படியே வெளியேறும்போது பித்தத்தின் மஞ்சளோடு கலந்து பச்சையாகத் தெரியும். டாக்டரும் அதையே சொல்லி அனுப்பினார். ஆனால் பத்துப் பிள்ளைகள் நீல நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிற போட்டோ வகுப்பு வாட்ஸப் குரூப்பில் சுற்றியது. வெள்ளைச் சட்டைக் காலரிலும் நீலம். அன்றிலிருந்து அடர் நிற கிரீமுக்கு ஆர்டர் எடுப்பதில்லை.

ஏன் என்று கேட்கிற அம்மாக்களுக்கு ஒரு கணக்குச் சொல்வேன். நம் நாட்டில் உணவுக்கு அனுமதியுள்ள செயற்கை நிறங்கள் எட்டே எட்டு. பாட்டிலின் பின்பக்கம் 102, 110, 122, 124, 127, 132, 133, 143 என்று எண்களாக இருக்கும். 102 டார்ட்ராசின் என்ற மஞ்சள், 133 பிரில்லியன்ட் புளூ. கேக் வகைகளில் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. ஒரு கப்கேக்கின் மேல் நான் பிழிவது சுமார் 30 கிராம் கிரீம். அப்படியானால் அதில் அதிகபட்சம் 3 மில்லிகிராம் சாயம்தான் இருக்கலாம். ஸ்பூன் நுனியில் ஒட்டும் தூளைவிடக் குறைவு! வீட்டுச் சமையலறையில் எவரிடமும் மில்லிகிராம் தராசு கிடையாது, ஜெல்லில் சாயம் எத்தனை பங்கு என்று பல பாட்டில்களில் போடுவதும் இல்லை. நமக்கு இருக்கிற ஒரே அளவுகோல் கண்தான். வெளிறிய நிறத்தில் நின்றுகொண்டால் பெரும்பாலும் வரம்புக்குள் இருப்போம். கறுப்பு, நேவி, ரத்தச் சிவப்பு என்று போனால் எங்கே தாண்டினோம் என்றே தெரியாது.

102, 110, 122, 124 இந்த நான்கில் ஏதாவது ஒன்று சேர்ந்த பண்டத்திலும், குழந்தைகளின் நடத்தையையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அச்சிடச் சொல்கிறது. இங்கே அப்படிக் கட்டாயம் இல்லை. பொட்டலத்தில் மடித்துத் தருகிற லூஸ் கலர் பொடியைப் பற்றிப் பேசவே வேண்டாம். பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் சிக்கி, 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதற்குத் தடை போட்டது நினைவிருக்கும்.

மலைக்காரர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் அங்கே 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். காற்றழுத்தம் குறைவு என்பதால் மாவுக்குள் வாயு அதிகமாக விரியும். கீழே கோயம்புத்தூரில் அழகாக வந்த ரெசிபி இங்கே ஓவனில் புஸ்ஸென்று எழும்பி, வெளியே எடுத்ததும் நடுவில் குழி விழும். குழியை மூட கிரீம், கிரீமை மறைக்க நிறம், அதன்மேல் ஸ்பிரிங்கிள்ஸ். அலங்காரம் என்று நாம் சொல்வதில் பாதி இந்தக் குழியை மூடுகிற வேலைதான். பேக்கிங் பவுடரைக் கால் பங்கு குறையுங்கள், பாலை இரண்டு ஸ்பூன் கூட்டுங்கள், ஓவன் சூட்டைப் பத்து டிகிரி ஏற்றுங்கள். மேல்பாகம் சமமாக வந்தால் கிரீம் பாதியளவு போதும்.

நிறத்துக்கு நம் ஊர் காய்கறியே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் மாவில் கலக்காதீர்கள். சோடா பட்டால் மஞ்சள்தூள் செங்கல் நிறமாகும், பீட்ரூட் ஓவன் சூட்டில் மண் நிறமாகும். கிரீமில் சேர்த்தால்தான் நிற்கும். எனக்குப் பிடித்தது சங்குப்பூ. ஏழெட்டு உலர்ந்த பூவை இரண்டு ஸ்பூன் வெந்நீரில் ஊறவைத்து, ஆறவிட்டு, அடித்த விப்பிங் கிரீமில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் வெளிர் நீலம். அந்தச் சாற்றிலேயே ரெண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் ஊதா. குறிஞ்சிப்பூ தீம் கேட்டார்கள் என்றால் இந்த இரண்டு நிறமும் ஒரே பூவில் கிடைத்துவிடும்.

மேலே செருகுவதும் தூவுவதும் தனிக் கதை. பளபளக்கிற கிளிட்டர் டப்பாவில் ‘நான்-டாக்ஸிக்’ என்று மட்டும் போட்டு, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். விஷமில்லை என்பதும் தின்னலாம் என்பதும் ஒன்றல்ல. எல்கேஜி பிள்ளைகளுக்குப் போகும் கப்கேக்கில் டூத்பிக்கில் ஒட்டி மேலே செருகுகிற டாப்பர் கூடவே கூடாது. குழந்தை அண்ணாந்து கடிக்கும், குச்சி நேராக அண்ணத்தில் ஏறும். கடினமான வெள்ளி உருண்டைகளும் அப்படித்தான், தொண்டையில் சிக்கும். பிளாஸ்டிக் டாப்பருக்கு நம் நீலகிரி மாவட்டத்தில் இடமே இல்லை என்பது எனக்கு ஒரு சௌகரியம். “கலெக்டர் விடமாட்டாரும்மா” என்றால் பேச்சு அங்கேயே முடியும்.

ஆர்டர் எடுக்கும்போதே வகுப்பில் யாருக்காவது நிலக்கடலை, முந்திரி, பால், முட்டை ஒத்துக்கொள்ளாதா என்று டீச்சரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்கிறேன். எக்லெஸ் என்றால் எல்லோருக்கும் ஆகும் என்று நினைப்பவர்கள் நிறைய. எக்லெஸ்ஸில் பெரும்பாலும் கன்டென்ஸ்டு மில்க்தான் முட்டையின் வேலையைச் செய்கிறது. காலையில் பாதாம் கேக் அடித்த அதே பீட்டரில் மதியம் அடித்தது ‘நட் ஃப்ரீ’ ஆகாது. என் சமையலறையில் அதற்கு உத்தரவாதம் தர முடியாது என்று சொல்லிவிடுவேன், சில ஆர்டர்கள் போகும். சாப்பிட்டதும் உதடு வீங்கி, தடிப்பு வந்து, மூச்சுத் திணறினால் வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்காமல் முதலில் 108-ஐ அழைக்க வேண்டும்.

போன அக்டோபர் 7, வரையாடு தினத்துக்கு முப்பத்திரண்டு கப்கேக் கேட்டார்கள். வரையாட்டை ஒரு தாளில் வரைந்து, மேலே பட்டர் பேப்பர் விரித்து, உருக்கிய டார்க் சாக்லேட்டைக் கோட்டின் மேலேயே பிழிந்தேன். பின்னால் வளைகிற கொம்புதான் சோதனை, ஃப்ரிட்ஜில் இருந்து எடுக்கையில் ஆறு ஒடிந்தன. பாதி ஆடுகளுக்கு முதுகில் வெள்ளை சாக்லேட்டால் ஒரு தீற்றல். கீழே புல்வெளிக்கு ஓவனின் இளஞ்சூட்டில் உலர்த்திய பாலக்கீரைப் பொடி. கலர் பாட்டிலைத் திறக்கவே இல்லை.

கொடுத்து முடித்ததும் ஒரு பொடியன் வந்தான். “ஆன்ட்டி, இதுல ஆண் எது, பொண்ணு எது?”

“முதுகுல வெள்ளை இருந்தா ஆண். வளர்ந்த கிடாவுக்குத்தான் அப்படி வரும். முக்குருத்தி தேசியப் பூங்கா பக்கம் போனா பாரு.”

கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கொம்பை முதலில் கடித்தான்.