புலிகள் காப்பகத்துக்குள் வீடு இருக்கிறதா? கையெழுத்துக்கு முன் இதைப் படியுங்கள்

"பதினைந்து லட்சம் கிடைக்கும், இந்தத் தாளில் ஒரு கையெழுத்து மட்டும்" என்று யாராவது வந்தால், தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பேனாவை வாங்காதீர்கள்.

பின்னணி இவ்வளவுதான். புலி குட்டி போட்டு வளர்க்க ஆள் நடமாட்டமில்லாத காடு வேண்டும் என்று காப்பகத்தின் மையப் பகுதியில் இருக்கும் குடும்பங்களைப் பணம் கொடுத்து வெளியே குடியமர்த்துகிறார்கள். குடும்பத்துக்கு 10 லட்சமாக இருந்தது, 2021இல் 15 லட்சமானது. இன்னும் 591 கிராமங்களில் 64,801 குடும்பங்கள் உள்ளே இருப்பதாகச் சொல்லி, காலக்கெடு போட்டு வேலையை முடிக்கும்படி 2024 ஜூனில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அதனால் இனி அவசரப்படுத்துவார்கள்.

அவசரத்தில் அடிபடுவது வன உரிமைதான், அதாவது நீங்கள் குடியிருந்து பயிர் செய்யும் காட்டு நிலத்தின் மீது உங்களுக்கு உள்ள உரிமை. வனவிலங்குச் சட்டம், வன உரிமைச் சட்டம் இரண்டும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன: முதலில் உங்கள் உரிமையை அங்கீகரித்து முடிக்க வேண்டும், அதற்கு அப்புறம்தான் இடமாற்றப் பேச்சே. நடப்பது என்னவென்றால், உரிமை மனு ஏதோ ஒரு பீரோவில் தூங்கும், இடமாற்றப் பட்டியல் மட்டும் சுறுசுறுப்பாகத் தயாராகும். "எப்படியும் போகப் போறீங்க, பட்டா எதுக்கு?" என்று கேட்பார்கள். நான் பார்த்த ஒரு பாடியில் (பழங்குடிக் குடியிருப்பில்) பெரியவர் ஒருவர் மூன்று முறை மனு கொடுத்திருந்தார், ஒன்றுக்குக்கூட ரசீது இல்லை. கேட்டால் "ஐயா வாங்கிக்கிட்டாரு" என்றார். ரசீது இல்லாத மனு, கொடுக்காத மனு. எழுதித் தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்த பொறி, உரிமை கேட்க 75 ஆண்டு இருந்திருக்க வேண்டும் என்பது. பழங்குடியினர் 13-12-2005க்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் இருந்ததைக் காட்டினால் போதும். மூன்று தலைமுறை, 75 ஆண்டு என்பதெல்லாம் மற்றவர்களுக்கு. ஆனால் பழங்குடிச் சாதிச் சான்றிதழ் கையில் இல்லையென்றால் உங்களையும் "மற்றவர்" கணக்கில் தள்ளிவிடுவார்கள். அந்தச் சான்றிதழுக்கு ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகம் எத்தனை தடவை அலைய விடும் என்பதை அலைந்தவரிடம் கேளுங்கள். அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் சான்றிதழ். ஆதாரம் என்றதும் செயற்கைக்கோள் படத்தைக் காட்டி "2005இல் இங்கே ஒன்றுமே தெரியவில்லையே" என்பார்கள். அந்தப் படம் கூடுதல் ஆதாரம் மட்டும்தான், அதை வைத்து மற்றதைத் தள்ள விதியில் இடமில்லை. ஊர்ப் பெரியவர் சொல்லி எழுதிய வாக்குமூலம், முன்னோர் புதைகுழி, கோயில் கல் இவையும் ஆதாரமே, குறைந்தது இரண்டு ஆதாரம் வேண்டும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள், மேல்முறையீட்டுக்கு இருப்பது 60 நாள். வாயால் "இல்லை" என்று சொல்லியே அந்த 60 நாளையும் கடத்திவிடுவது பழைய வித்தை.

சரி, போவதென்றே முடிவு செய்துவிட்டீர்கள். இப்போது குடும்பக் கணக்கு. ஒரு ரேஷன் கார்டு, ஒரு குடும்பம் என்று எழுதிக்கொண்டு போவார்கள். புலிகள் ஆணையத்தின் வழிகாட்டுதல் அப்படிச் சொல்லவில்லை. 18 வயது நிறைந்த மகன் கல்யாணம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும் தனிக் குடும்பம். 18 நிறைந்த, மணமாகாத மகளும் அக்கா தங்கையும் தனி. விதவை, மணமுறிவு பெற்ற பெண், மாற்றுத்திறனாளி, தாய் தகப்பன் இருவரையும் இழந்த சிறு பிள்ளை, எல்லோரும் தனித்தனி. ஒரே கூரைக்குக் கீழ் மூன்று பங்கு வரவேண்டிய வீட்டுக்கு ஒன்றை மட்டும் கொடுத்து முடித்ததைப் பார்த்திருக்கிறேன், அந்த வீட்டு விதவை அம்மாவின் பெயர் பட்டியலிலேயே இல்லை. பட்டியலைக் கிராம சபையில் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வயதைக் காட்டும் காகிதத்தை இன்றே தேடி எடுங்கள்.

பணமாக வாங்குவதா, வனத்துறையே நிலமும் வீடும் தரும் வழியா என்று கேட்பார்கள். பணம் என்றால் தரகர் வருவார், வங்கிக் கணக்கு திறக்க உதவுவார், நிலமும் அவரே காட்டுவார். கூடலூர்ப் பக்கம் பிரிவு 17 ஜென்ம நிலத்தை (பழைய ஜென்மி எஸ்டேட் நிலம், யாருக்குச் சொந்தம் என்று இன்னும் தீராதது) காட்டினால் ஓடிவிடுங்கள், பட்டா வராது. வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். நிலமும் வீடும் என்றால், புது இடத்தை நேரில் போய்ப் பாருங்கள், தண்ணீர் வருகிறதா, ரோடு இருக்கிறதா என்று. அங்கே நிலமும் வசதியும் தராதவரை இங்குள்ள உரிமையில் கை வைக்கக் கூடாது என்பது சட்டத்திலேயே இருக்கிறது. "முதல்ல வாங்க, கரண்ட் அப்புறம் வரும்" என்றால் கரண்ட் வந்த அப்புறம் வருகிறோம் என்று சொல்லுங்கள்.