அலங்காரத்துக்கு முன்னால் ஒரு வாளி தண்ணீர்

பூ அலங்காரம் கற்றுக்கொள்ளப் போகிறவர்களில் பலர், எந்த நிறத்தோடு எந்த நிறம் சேரும், கொத்துக்கு எப்படி வடிவம் கொடுப்பது என்பதுதான் முதல் பாடம் என்று நினைத்துப் போகிறார்கள். போனதும் கையில் கிடைப்பது வாளியும் கத்தியும்தான். வாளியைத் தேய்த்துக் கழுவு, தண்டின் அடியை நறுக்கு, கீழே இருக்கிற இலைகளை உருவு, தண்ணீரில் வை, அப்புறம் அடுத்த கட்டு. சலிப்பான வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் இந்தத் தொழிலில் தேறுவதும் தேறாததும் அந்த வாளியில்தான் இருக்கிறது என்பேன், ஏனென்றால் எவ்வளவு அழகாகக் கட்டினாலும் விருந்தினர்கள் வருவதற்குள் ரோஜா தலையைத் தொங்கப்போட்டுவிட்டால் அந்த அழகை யார் பார்ப்பது?

வெட்டிய பூவுக்கு உயிர் இருக்கிறது. அது சுவாசிக்கிறது, சேமித்து வைத்த சர்க்கரையைச் செலவழிக்கிறது, இலை வழியாகவும் இதழ் வழியாகவும் நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கிறது. வேர் மட்டும் இல்லை. செடிக்குள் நீரை மேலே ஏற்ற பம்ப் எதுவும் கிடையாது. மேலே இலையிலிருந்து நீர் ஆவியாகப் போகும்போது, அதற்குக் கீழே சைலம் என்ற மெல்லிய குழாய்களில் அறுபடாமல் நிற்கும் நீர் மொத்தமும் கிணற்றுக் கயிறு மாதிரி மேலே இழுபடுகிறது. கயிறு அறுந்தால் வாளி வராது. தண்டை வெட்டிய கணத்தில் நடப்பது அதுதான்: இழுவிசையில் இருந்த நீர் உள்ளே பின்வாங்க, வெட்டுவாயில் காற்று நுழைந்துவிடுகிறது. அந்தக் காற்று இருக்கும்வரை பூவைத் தண்ணீரிலேயே நிறுத்தி வைத்தாலும் தாகம் தீராது. வந்திறங்கிய பூவின் அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டரை மறுபடி நறுக்கி உடனே தண்ணீரில் வைப்பது இதற்காகத்தான்.

சாய்வாக வெட்டினால் அதிக நீர் ஏறும் என்று எல்லோரும் சொல்வார்கள். எப்படி வெட்டினாலும் குழாய்களின் எண்ணிக்கை மாறாது, ஆகவே அந்தக் காரணம் எனக்கு ஒப்பவில்லை. சாய்வு வெட்டின் உண்மையான லாபம், தண்டு ஜாடியின் அடியில் தட்டையாக உட்கார்ந்து வாயை மூடிக்கொள்ளாது என்பது. அதைவிட முக்கியம் கத்தியின் கூர்மை; மழுங்கிய கத்தரிக்கோல் குழாய்களை நசுக்கிவிடும். மரத்தண்டுகளைச் சுத்தியலால் தட்டிச் சிதைக்கும் பழைய வழக்கமும் இதே காரணத்தால் கெடுதல்தான், சிதைந்த திசு பாக்டீரியாவுக்கு விருந்து.

வாடிய பூவைச் சற்று வெதுவெதுப்பான நீரில் வைப்பதற்கும் நேரான காரணம் உண்டு. 40 டிகிரி செல்சியஸில் நீரின் பாகுநிலை, அதாவது ஓடவிடாமல் தடுக்கும் பிசுக்கு, 20 டிகிரியில் இருப்பதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் குறுகிய குழாய்களில் எளிதாக ஏறுகிறது.

காற்றுக்கு அடுத்த எதிரி பாக்டீரியா. தண்ணீருக்குள் மூழ்கிய இலை அழுகும், வெட்டுவாயிலிருந்து சாறு கசியும், இரண்டையும் தின்று பெருகும் பாக்டீரியாக் கூட்டம் வழவழப்பான படலமாகக் குழாய் வாயை அடைத்துவிடும். ரோஜாவின் கழுத்து மடிவது பெரும்பாலும் இதனால்தான். பூவுக்குச் சற்றுக் கீழே இருக்கும் தண்டுப்பகுதி இன்னும் முற்றாத, மென்மையான பகுதி, உள்ளே நீரின் அழுத்தம் இருக்கும்வரைதான் நிமிர்ந்து நிற்கும். பூ முதிர்ந்துவிட்டது என்று நினைத்துத் தூக்கி எறிவோம், பாவம், அது தாகத்தில் சாய்ந்திருக்கும். பூக்கட்டோடு வரும் சிறு பொட்டலத்தில் மூன்று சரக்கு இருக்கும்: உணவுக்குச் சர்க்கரை, நீரைப் புளிப்பாக்க அமிலம், கிருமியைக் கட்டுப்படுத்த ஒரு மருந்து. மூன்றும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். வெறும் சர்க்கரையைப் போட்டால் பூவைவிட பாக்டீரியா முந்திக்கொள்ளும். கிருமியைக் கொல்லும் என்று நம்பி ஜாடியில் செப்புக் காசு போடுகிறவர்களும் உண்டு, ஆனால் உலோகச் செம்பு நீரில் அவ்வளவாகக் கரைவதே இல்லை.

சரி, தண்ணீர் சரியாக இருந்தும் பூ உதிர்கிறதா? காற்றைச் சந்தேகிக்க வேண்டும். தெருவிளக்குகள் வாயுவில் எரிந்த காலத்தில், குழாய் கசிந்த இடங்களில் மரங்கள் இலை உதிர்த்தன. அந்த வாயுவில் செடிகளைப் பாதிப்பது எத்திலீன் என்று 1901-இல் ரஷ்ய விஞ்ஞானி திமித்ரி நெல்யூபோவ் பட்டாணி நாற்றுகளை வைத்துக் காட்டினார். 1908-இல் அமெரிக்காவில் க்ராக்கர், நைட் என்ற இரு விஞ்ஞானிகள், கண்ணாடிக்குடிலில் கார்னேஷன் பூக்கள் தூங்குவதுபோல் இதழ் மூடிக்கொள்வதற்கும் இதே வாயுதான் காரணம் என்று எழுதினார்கள். பழுக்கும் பழமும், முதிரும் பூவும், வண்டிப் புகையும் எத்திலீனை விடுகின்றன. அதனால்தான் பூ வைக்கும் குளிர்பெட்டியில் யாராவது மதியத்துக்குச் சாப்பிட ஆப்பிள் வைத்தால் கடைக்காரர் கத்துவார். கார்னேஷன் மாதிரி எத்திலீனுக்குப் பயந்த பூக்களுக்குத் தோட்டத்திலேயே சில்வர் தயோசல்ஃபேட் கரைசல் கொடுப்பதுண்டு; வெள்ளி அயனிகள், எத்திலீனை உணரும் புரதத்தில் செம்பு உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், வாயு வந்தாலும் பூவுக்குச் செய்தி எட்டாது. ஜெர்பராவும் செவ்வந்தியும் எத்திலீனை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

குளிர்பெட்டியின் கணக்கு எளிது. வெப்பம் குறையக் குறைய சுவாசம் மெதுவாகும், சர்க்கரை மிஞ்சும். ரோஜாவுக்கும் கார்னேஷனுக்கும் 0 முதல் 2 டிகிரி வரை நல்லது. அதே பெட்டியில் ஆந்தூரியத்தை வைத்தால் கறுத்துவிடும், வெப்பமண்டலப் பூ, 12 டிகிரிக்குக் கீழே அதற்கு ஆகாது.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் வடிவம் என்ற பேச்சு வருகிறது, அங்கேயும் தாவரவியல் விடாது. டியூலிப் வெட்டிய பிறகும் நீளும், வெளிச்சம் வரும் பக்கம் வளையும். ஆகவே கொத்தில் அதைக் கொஞ்சம் தாழ்வாகச் செருக வேண்டும். கிளாடியோலஸைப் படுக்க வைத்து அனுப்பினால் நுனி புவியீர்ப்புக்கு எதிராக மேலே வளைந்து நிற்கும். டாஃபடில் தண்டிலிருந்து வடியும் கோழை மற்ற பூக்களின் குழாயை அடைக்கும், டியூலிப்பை நேரடியாகவே கெடுக்கும். முதலில் சில மணி நேரம் தனி ஜாடியில் வைத்து வடியவிட்டு, பிறகு மறுபடி வெட்டாமல் சேர்ப்பார்கள். துவண்ட ஹைட்ரேஞ்சியாவைத் தலையோடு அரைமணி நேரம் நீரில் அமுக்கி வைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

பூவைச் செருகப் பயன்படும் பச்சை ஃபோம் 1954-இல் வெர்னான் ஸ்மிதர்ஸ் கொண்டுவந்தது. அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டுத் தானாக மூழ்கவிட வேண்டும். கையால் அமுக்கினால் உள்ளே காற்றறை நின்றுவிடும், அந்த இடத்தில் செருகிய தண்டுக்குச் சொட்டு நீர் கிடைக்காது. வசதியான பொருள்தான், ஆனால் அது பிளாஸ்டிக், உதிர்ந்து நுண்துகளாகிறது. பிரிட்டனின் ராயல் ஹார்டிகல்ச்சரல் சொசைட்டி 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதைத் தடை செய்துவிட்டது. புதிதாகக் கற்கிறவர்கள், தண்டைக் குத்தி நிறுத்தும் முள்தட்டிலும் கம்பிவலையிலும் பழகுவதே நல்லது என்பது என் கட்சி.

தொழிலாகச் செய்யும்போது கடைசியாகப் பிடிபடுவது நாள் கணக்கு. நிகழ்ச்சி நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். லில்லி மொட்டு விரிய மூன்று நான்கு நாள் பிடிக்கலாம், அதற்கு முன்பே வாங்கியாக வேண்டும். ரோஜாவுக்கு அவ்வளவு அவகாசம் வேண்டாம். பியோனியைத் தொட்டால் மெத்தென்று இருக்கும் மொட்டுப் பருவத்தில் வெட்டி, தண்ணீரே இல்லாமல் சுற்றிக் குளிரில் வாரக்கணக்கில் வைக்கலாம். வேண்டியபோது எடுத்து, அடியை நறுக்கி வெதுவெதுப்பான நீரில் வைத்தால் ஓரிரு நாளில் விரியும். இதில் தேர்ந்தவர் ஆர்டர் வாங்கும்போது முதலில் கேட்பது தேதியைத்தான், நிறத்தை அப்புறம் கேட்டுக்கொள்வார்.